தண்ணீர் எப்போது வரும்: செயலியா, வட்ஸ்அப்பா, இணையப் பக்கமா, போன் அழைப்பா?

எங்கள் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்புக்கு ஒரு செயலி செய்வதற்குக் காசு தர ஒருவர் முன்வந்திருக்கிறார். ஊரை விட்டுப் போய் இருபது வருடங்களுக்கு மேல், கனடாவில் இருக்கிறார். சிறுபோகம் (கோடைகால நெற்செய்கை) தொடங்கினால், எங்கள் குளத்தை நினைத்து, இன்றைக்கும் "இரணைமடுவில எத்தினை அடி தண்ணி நிக்குது?" என்று போன் எடுத்துக் கேட்கிறவர். ஊர்ப் பெயரும் குளத்தின் படமும் போட்ட ஒரு செயலி எங்கள் எல்லோருடைய போனிலும் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அமைப்பின் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ உந்த வேலைதானே செய்யிறாய். இது எங்களுக்குச் சரிவருமோ எண்டு பார்த்துச் சொல்லு" என்றார்.

நான் இலங்கையின் வடக்கே கிளிநொச்சியில் இருந்து இணையத்தளங்களும் செயலிகளும் வடிவமைக்கிறவன். ஒரு மாதமாகப் பின்னேரங்களில் வீடு வீடாகப் போய், வயல் வரம்பிலும் போய் நின்று பார்த்தேன். கண்டதைச் செயலாளருக்குச் சொல்வதோடு இங்கேயும் எழுதுகிறேன். ஒட்டுசுட்டானிலும் மல்லாவியிலும் பூநகரியிலும் இருக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் பால் சங்கங்களுக்கும் இதே கேள்வி இருக்கும்.

முதலில், என்ன செய்தியைச் சொல்லப்போகிறோம்? சிறுபோகத்தில் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பொறுத்துத்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவாகும். அப்புறம் தண்ணீரை முறை வைத்து விடுவார்கள். இன்றைக்கு இந்த வாய்க்கால், நாளை மறுநாள் அந்த வாய்க்கால். முறை மாறினாலோ துருசு (குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மதகு) திறக்கும் நேரம் தள்ளிப்போனாலோ அன்றைக்கே தெரிய வேண்டும். இரவில் மண்வெட்டியோடு போய் நிற்க வேண்டியவர்களுக்கு அடுத்த நாள் தெரிந்து பயனில்லை. இரண்டாவது வகைச் செய்தி, கூட்டம், உர மானியம், விதைநெல், சந்தா போன்றவை. ஒரு நாள் பிந்தினாலும் பெரிய நட்டமில்லை. மூன்றாவது வகை வருடத்தில் ஒரு தடவை வந்தாலே அதிகம். காலபோக (மாரிகால நெற்செய்கை) மழையில் குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீரை வெளியே விட வான்கதவு திறக்கப்போகிறார்கள் என்ற செய்தி அது. 2018 டிசம்பர் 21இலும் 22இலும் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள் போனதைக் கண்டவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். இந்த மூன்றையும் ஒரே வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன்.

வீடுகளில் நான் கேட்டது ஒரே கேள்வி: "பின்னேரம் ஆறு மணிக்கு உங்கட போன் ஆரிட்ட இருக்கும்?"

பெரும்பாலான வீடுகளில் டச் போன் பிள்ளைகளிடம். கொரோனாக் காலத்தில் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்கிய போன் அப்படியே பிள்ளைகளின் கையில் நின்றுவிட்டது. வயலுக்குப் போகிற ஐயாவின் சட்டைப் பையில், சொப்பிங் பையில் சுற்றிய ஒரு பட்டன் போன். கணவர் இல்லாமல் தனியாக வயல் செய்கிற அக்காமார் வீடுகளில் வேறு கதை: போன் மகன் அனுப்பியது, சிம் மைத்துனரின் பெயரில், போனைத் திறக்கும் கோலம் மகளுக்குத்தான் தெரியும். ஒரு போன் என்றால் ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டுதான் இன்றைய செயலிகள் எல்லாம் செய்யப்படுகின்றன. கணக்குத் திற, கடவுச்சொல் போடு, உன் இலக்கத்துக்கு வந்த ஆறு எண்ணைச் சொல். எங்கள் வீடுகளில் போன் என்பது வீட்டுக்குப் பொதுவான ஒன்று, கிணற்றடி வாளி மாதிரி. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான்கு வழிகளையும் பார்க்கப்போகிறேன்.

செயலியில் நல்ல விஷயங்கள் இருக்கின்றன. சிக்னல் இல்லாத இடத்திலும் முன்பு வாங்கிவைத்த செய்தியைக் காட்டும். நாங்கள் விரும்பிய சத்தத்தில் மணி அடிக்கும். வாய்க்கால் இலக்கத்தை ஒரு தடவை தெரிவுசெய்தால் அந்த வாய்க்காலின் முறை மட்டும் வரும். கணக்குத் திறக்கத் தேவையில்லாத செயலியாகவும் செய்யலாம். நான் ஒரு மாதிரி செய்து பத்து வீடுகளில் போட்டுப் பார்த்தேன். சிக்கல் செயலிக்குள் வரவில்லை, அதன் வாசலிலேயே வந்தது. போனில் இடமில்லை. கோயில் திருவிழா வீடியோக்களும் காலை வணக்கப் படங்களும் நிறைந்து கிடக்கின்றன, அவற்றில் எதை அழிப்பது என்று கேட்டால் வீட்டில் சண்டை வரும். பிளே ஸ்டோருக்குப் போனால் கூகிள் கணக்கு கேட்கிறது. அந்தக் கணக்கைத் திறந்தவர் போன் விற்ற கடைக்காரத் தம்பி, கடவுச்சொல் அவரிடமும் இல்லை. இதைத் தாண்டி உள்ளே போனால், 2022இல் வந்த அன்ட்ரொய்ட் 13உம் அதற்குப் பிந்தியதும் உள்ள போன்களில் அறிவிப்பு அனுப்பலாமா என்று ஒரு கேள்வி வரும். வேண்டாம் என்பதில் விரல் பட்டால் எங்கள் மணி அடிக்கவே அடிக்காது. மலிவான போன்கள் சில, பற்றரியை மிச்சம் பிடிக்கிறோம் என்று பின்னால் ஓடும் செயலிகளைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. தண்ணீர் வந்த பிறகுதான் செய்தி வரும்.

செலவைப் பற்றிக் காசு தருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வருடத்தோடு நின்றுவிடுகிறார்கள். பிளே ஸ்டோரில் கணக்குத் திறக்க ஒரே தடவை 25 டொலர், அது பெரிதில்லை. 2023 நவம்பர் 13க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கு என்றால், செயலியை வெளியிட முன்னர் 12 பேர் 14 நாள் தொடர்ந்து அதைப் பரிசோதிக்க வேண்டும். முன்பு 20 பேர் என்று இருந்தது. அதையும் ஊர்ப் பொடியன்களை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் அன்ட்ரொய்ட் புதிது புதிதாக வர, அதற்கேற்ப வருடாவருடம் செயலியைத் திருத்திக் கொடுக்காவிட்டால் புதிய போன்களில் அது கிடைக்காமல் போகும். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் வேண்டுமென்றால் ஆப்பிளுக்கு வருடம் 99 டொலர். நான் வேறு வேலைக்குக் கொழும்புக்குப் போய்விட்டால் யார் திருத்துவது? கடைசியாகப் புதுப்பித்த திகதி நாலைந்து வருடம் பழையதாகிக் கிடக்கும் ஊர்ச் செயலிகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகும். அவற்றுக்குப் பின்னால் யாரோ ஒருவர் குளிருக்குள் நின்று உழைத்த காசு இருக்கிறது.

வட்ஸ்அப் வேறு மாதிரி. யாருக்கும் புதிதாக எதையும் பழக்கத் தேவையில்லை. வாசிக்கத் தெரியாத அப்புவுக்கும் வொய்ஸ் போடத் தெரியும். டேட்டாவும் பெரிதாகப் போகாது. அரை நிமிட வொய்ஸ் ஒன்று ஒரு சாதாரண படத்தைவிடச் சிறியது. ஆகவே வட்ஸ்அப் என்றுதான் எல்லோரும் உடனே சொல்வார்கள். நான் அதற்குள் மூன்று வழிகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் மூன்றும் ஒன்றில்லை.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த குறூப். 1024 பேர் வரை சேரலாம், எங்களுக்கு அது போதும். எல்லோரும் எழுதலாம் என்று விட்டால் பிறந்தநாள் வாழ்த்துக்கும் மரண அறிவித்தலுக்கும் நடுவில் தண்ணீர் முறை மறைந்துவிடும். நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிட்டால் அது தீரும். தீராதது ஒன்று உண்டு. குறூப்பில் இருக்கிற எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். ஒரு அக்கா சொன்னார்: வேறொரு குறூப்பில் சேர்ந்த பிறகு இரவில் தெரியாத இலக்கங்களில் இருந்து கோல் வரத் தொடங்கியதாம். விலகிவிட்டார். "தம்பி, தனிய இருக்கிற பொம்பிளை நான். நம்பரைச் சந்தியில எழுதி ஒட்டின மாதிரி இருந்துது." அதிலிருந்து தண்ணீர்ச் செய்தியை அவர் பக்கத்து வயல்காரரிடம் கேட்டுத்தான் அறிகிறார். மறந்தால் இல்லை. தனியாக வயல் செய்யும் பெண்கள் எங்கள் வாய்க்கால்களில் ஒன்றிரண்டு பேர் இல்லை, பலர். அவர்களை வெளியே தள்ளுகிற ஒரு வழியை நான் வசதியான வழி என்று எழுத மாட்டேன்.

இரண்டாவது, 2023இல் வந்த சனல். பின்தொடர்கிறவர்களின் இலக்கம் மற்றவர்களுக்குத் தெரியாது, நாங்கள் சொல்வது மட்டும் போகும். ஆனால் அது வழமையான உரையாடல்களுக்குள் வராமல் வேறு பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மணியையும் நாமே போய்த் திறந்துவிட வேண்டும். நான் சேர்த்துவிட்ட வீடுகளுக்கு ஒரு கிழமை கழித்துப் போய், "செய்தி வந்துதோ?" என்று கேட்டால், எங்கே பார்ப்பது என்று கேட்டார்கள்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: 2022 இறுதியில் வந்த கொமியூனிட்டி. அதற்குள் இருக்கும் அறிவித்தல் குறூப்பில் நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம். உறுப்பினரின் இலக்கம் நிர்வாகிகளுக்கும், அவரோடு வேறு குறூப்பில் இருப்பவர்களுக்கும் மட்டும் தெரியும். செய்தியோ வழமையான உரையாடல் மாதிரியே மேலே வந்து மணி அடிக்கும். விலகிய அக்காவிடம் இதைக் காட்டினேன். தன்னுடைய போனிலும் என்னுடைய போனிலும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சேர்ந்தார். வட்ஸ்அப் என்று முடிவெடுப்பதானால் இந்த மூன்றாவதைத்தான் எடுங்கள். நிர்வாகிகளில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

இணையப் பக்கம் என்றால் நான் சொல்வது பெரிய தளம் ஒன்றையல்ல. ஒரே பக்கம். உள்நுழைவு இல்லை, படங்கள் இல்லை. மேலே இன்றைய முறை, கீழே இந்தப் போகத்தில் சொன்ன எல்லாச் செய்திகளும் திகதியோடு. அன்ட்ரொய்ட் போனில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருப்பதால் அதைத் தனியாக இறக்கவும் தேவையில்லை, மெதுவான சிக்னலிலும் சட்டென்று திறக்கும். இப்போதைய உலாவிகளில் ஒரு பக்கத்தைப் போனிலேயே சேமித்துவைத்து, இணையம் இல்லாதபோதும் காட்டச் செய்யலாம். சிறு அமைப்புகள் செயலியை விட்டு இந்தப் பக்கம் வர அதுவும் ஒரு காரணம். ஆனால் தண்ணீர் முறைக்கு அதில் ஒரு ஆபத்து உண்டு: நேற்றுச் சேமித்த முறையை இன்றைய முறை என்று ஒருவர் நம்பிவிடலாம். ஆகவே "செவ்வாய் மாலை 4 மணிக்கு எழுதியது" என்பது முறையை விடப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். நான் முதலில் அதைக் கீழே சின்னதாகத்தான் போட்டிருந்தேன். ஒரு அண்ணை பழைய முறையை வாசித்துவிட்டுச் சைக்கிளை எடுத்த பிறகுதான் மாற்றினேன்.

பக்கத்தின் குறை, யாரும் தாமாகப் போய் அதைத் திறக்க மாட்டார்கள். பலம், அது பதிவேடு. "நீங்கள் சொல்லவே இல்லை" என்று வாய்க்கால் தலைப்பில் வாக்குவாதம் வரும்போது எடுத்துக் காட்டலாம். கனடாவில் இருப்பவரும் அதே பக்கத்தில் குளத்தின் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

எஸ்எம்எஸ் பற்றி ஒரு கணக்கு. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70 இடம்தான். அதுவும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி இடம் எடுக்கும். 'வணக்கம்' கண்ணுக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஏழு. "நாளை காலை 6 மணிக்கு 3ஆம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும்" என்று எழுதினால் 55 இடம் போய்விடும். பின்னால் 'கமக்காரர் அமைப்பு' என்று சேர்த்தால் 73, அதாவது இரண்டு எஸ்எம்எஸ் காசு. பழைய பட்டன் போன் சிலவற்றில் தமிழ் எழுத்து வெறும் பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். அந்தப் போன்களை வைத்திருப்பவர்களுக்காகத்தானே எஸ்எம்எஸ் என்று யோசித்தோம்? ஆகவே நான் அதை விட்டுவிட்டேன்.

கடைசி வழியை நான் தொடக்கத்தில் கணக்கிலேயே எடுக்கவில்லை. பதிவுசெய்த குரலை எல்லா இலக்கங்களுக்கும் தானாக அழைத்துச் சொல்வது. அம்புலன்ஸ் என்றால் 1990, விவசாய ஆலோசனை என்றால் 1920 என்று காதுக்குப் போனை வைத்துப் பழகிய சனம் நாங்கள். பட்டன் போனுக்கும் டச் போனுக்கும் வித்தியாசமில்லை. இடம் வேண்டாம், டேட்டா வேண்டாம், எழுத்து வேண்டாம். பரீட்சித்துப் பார்க்க, செயலாளரின் குரலில் இருபது வினாடிச் செய்தி ஒன்றைப் பதிந்து சிலருக்கு எடுத்தோம். கற்றுக்கொண்டது நிறைய.

எங்கள் ஆட்கள் போனைத் தூக்கியதும் முதல் நாலு வினாடி "ஹலோ, ஹலோ, ஆர்?" என்று கேட்பார்கள். அதற்குள் சொன்னது எல்லாம் வீண். ஒரு அம்மம்மா பதிவுக் குரலோடு கதைத்தே விட்டார். "ஓம் தம்பி, சரி தம்பி, உங்கட அம்மாவுக்கு இப்ப சுகமோ?" என்று கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று செயலாளரோடு கோபம். ஆகவே முதல் வசனம் "இது பதிவுசெய்த குரல்" என்று இருக்கட்டும், வாய்க்கால் இலக்கமும் நேரமும் அதற்கு அப்புறம். திரும்பக் கேட்க 1ஐ அமத்தவும் என்று வைத்துப் பார்த்தோம். பட்டன் போனில் சரிவந்தது. டச் போனைக் காதில் இருந்து எடுத்து, திரை வெளிச்சமாகி, எண்பலகையைத் தேடுவதற்குள் அழைப்பு முடிந்துவிடும். எல்லோருக்கும் இரண்டு தரம் சொல்லிவிடுவதே நல்லது. எப்போதும் ஒரே இலக்கத்தில் இருந்து எடுக்க வேண்டும், அந்த இலக்கத்தை ஒவ்வொரு போனிலும் 'தண்ணீர்' என்ற பெயரில் நாமே பதிந்து கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கடன்காரரோ கம்பனி விளம்பரமோ என்று எடுக்க மாட்டார்கள். குறை என்னவென்றால் ஒவ்வொரு அழைப்பும் காசு. அதோடு காட்டோரம் இருக்கும் சில வயல்களில் சிக்னலே இல்லை. அங்கே இன்னும் மோட்டார் சைக்கிளில் ஒரு ஆள் போய்ச் சொல்லத்தான் வேண்டும்.

எந்த வழியை எடுத்தாலும் சொற்களும் எழுத்தும் சரியாக இருக்க வேண்டும். என் மாதிரிச் செயலியில் 'மீட்டமை' என்று ஒரு பொத்தான் இருந்தது. தெரிவுகளை அழித்துப் பழையபடி ஆக்குவதற்கு. ஒரு மாமி அதைப் பார்த்துவிட்டு, "இது அடகு வைச்ச நகையை மீட்கிறதோ?" என்று கேட்டார். 'சமர்ப்பிக்க' என்பதைக் கண்டு பலர் தயங்கினார்கள், 'அனுப்பு' என்று மாற்றியதும் அமத்தினார்கள். 05/04 என்று போட்டால் ஆளுக்கொரு மாதம் வாசிக்கிறார்கள். 'ஏப்ரல் 5' என்றால் குழப்பமில்லை, கிழமையும் சேர்த்தால் இன்னும் நல்லது. கூகிளின் வழிகாட்டி அன்ட்ரொய்ட் பொத்தானுக்குச் சொல்லும் 48 அலகு, திரையில் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். மண்வெட்டி பிடித்துத் தடித்த விரலுக்கு அதுவும் காணாது, நான் அதை ஒன்றரை மடங்காக்கினேன். தமிழ் எழுத்துக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால் வரிகளுக்கு நடுவில் ஆங்கிலத்தை விடக் கூட இடைவெளி விட வேண்டும்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் வாசிக்கும்படி வகுத்த இணைய அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாடு கேட்கின்றன. அது அறைக்குள் போதும். பங்குனி வெயிலில் வரம்பில் நின்று வாசிக்க, வெள்ளைப் பின்னணியில் நல்ல கறுப்பு எழுத்துத்தான் தெரிகிறது. கறுப்புப் பின்னணி அழகு என்று இளம் வடிவமைப்பாளர்கள் விரும்புகிறார்கள். 2025 ஜூனில் ஆப்பிள் கொண்டுவந்த லிக்விட் கிளாஸ் வடிவம் பொத்தான்களைக் கண்ணாடி மாதிரி ஆக்கியது, வாசிக்கச் சிரமம் என்று முறைப்பாடு வர, ஒளி ஊடுருவலைக் குறைக்கும் தெரிவையும் பின்னர் அவர்களே சேர்த்தார்கள். எங்கள் வேலைக்கு அந்தப் பாணி எதுவும் வேண்டாம்.

கனடாக்காரர் இன்னொன்றும் கேட்டார்: செயற்கை நுண்ணறிவை வைத்து, கமக்காரர் வாயால் கேட்க அது பதில் சொல்கிற மாதிரிச் செய்யலாமே? பேச்சைக் கேட்டு எழுதும் கருவிகள் தமிழுக்கும் நன்றாக வளர்ந்து வருகின்றன. நான் ஒன்றைப் பரீட்சித்தேன். 'துருசு' அதற்குப் பிடிபடவில்லை, 'வான் பாயுது' (குளம் நிரம்பி வழிகிறது) என்பதை வானம் என்று எடுத்துக்கொண்டது. எங்கள் பேச்சு அவற்றுக்குப் போதிய அளவு போய்ச் சேர்ந்தபின் நிலைமை மாறும், மாற வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் துருசு எப்போது திறக்கும் என்ற கேள்விக்கு ஊகித்துப் பதில் சொல்லும் ஒன்றை இப்போதைக்கு வைக்க மாட்டேன். நெல்லில் வந்த நோயைப் பற்றிக் கேட்பதற்கு வேண்டுமானால் பிறகு பார்க்கலாம்.

செயலாளரிடம் நான் கொடுத்த முடிவு இது. தண்ணீர் முறைக்கும் கூட்டங்களுக்கும் வட்ஸ்அப் கொமியூனிட்டி, வொய்ஸ் ஒன்றும் அதன் கீழே ஒரு வரி எழுத்தும். வொய்ஸில் திகதியைத் தேடித் திரும்பக் கேட்பது கஷ்டம், அதற்குத்தான் அந்த ஒரு வரி. பட்டன் போன் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு முறை மாறும் நாளில் குரல் அழைப்பு. வான்கதவுச் செய்தி என்றால் போன் பேதமில்லாமல் எல்லா இலக்கத்துக்கும் அழைப்பு, கோயில் ஒலிபெருக்கியும் கூடவே. ஒரே பக்க இணையம் பதிவேடாக இருக்கும், அதை நானே பராமரிக்கலாம். செயலி வேண்டாம்.

கனடாக்காரரிடம் இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. ஊர்ப் பெயர் போட்ட செயலியை எதிர்பார்த்தவருக்கு அழைப்புக் கட்டணப் பட்டியலை அனுப்புவது சுலபமில்லை. அந்த அம்மம்மா பதிவுக் குரலோடு கதைத்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப குரலுக்கே காசு போடுவம்" என்றார். ஐந்து வருட அழைப்புக் கட்டணத்துக்கு என்று தனியாக வைக்கச் சம்மதித்திருக்கிறார்.

இன்னும் ஒன்று பாக்கி. 'தண்ணீர்' என்று எல்லோரும் பதியப்போகும் அந்தச் சிம் இப்போது செயலாளரின் சொந்தப் பெயரில் இருக்கிறது. அடுத்த பொதுக்கூட்டத்தில் செயலாளர் மாறினால் இலக்கமும் அவரோடு போய்விடும். அதை அமைப்பின் பெயருக்கு எடுக்க வேண்டும், கொமியூனிட்டியின் நிர்வாகத்திலும் மூன்று பேராவது இருக்க வேண்டும். பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முன்னர் இதை முடித்துத் தரும்படி கேட்டிருக்கிறேன். அது முடியும் வரை ஒரு வீட்டுப் போனிலும் அந்த இலக்கத்தைப் பதியப்போவதில்லை.